நெக்ஸ்ட்கிளவுட்: பழைய கணினியில் சொந்தமாக ஒரு சேமிப்பகம்

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. வீட்டில் மேசைக் கணினி, வெளியே எடுத்துப்போக லேப்டாப். இரண்டையும் இணைக்க ஒரு கிளவுட் சேவையைச் சில வருடம் பயன்படுத்தினேன். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஒருநாள் ஒரு ஃபோல்டரை அழித்தேன். மேசைக் கணினியிலும் அது போய்விட்டது. நான் கவனிப்பதற்குள் அவர்களுடைய குப்பைத்தொட்டியின் கெடுவும் முடிந்திருந்தது. கடைசி மெய்ப்புத் திருத்தம் வரை போட்டு முடித்த ஒரு நூல் அதற்குள் இருந்தது. எது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை இனி நானே முடிவு செய்ய வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்படித்தான் நெக்ஸ்ட்கிளவுட் பக்கம் வந்தேன். 2010இல் ஃபிராங்க் கார்லிச்செக் தொடங்கிய ஓன்கிளவுடிலிருந்து 2016இல் பிரிந்து வந்த திறமூல மென்பொருள் இது; நம் கணினியையே ஒரு கிளவுட் சேமிப்பகமாக மாற்றித் தரும். இலவசம். சர்வர் பகுதி விண்டோஸில் ஓடாது, லினக்ஸ் வேண்டும். சும்மா கிடந்த பழைய கணினியில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, அப்பாச்சி (வெப் சர்வர்), பிஎச்பி (நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்ட மொழி), மரியாடிபி (தரவுத்தளம்) மூன்றையும் நிறுவினேன்.

பிரவுசரில் முதலில் வரும் பக்கம் ரொம்ப எளிமையானது: நிர்வாகியின் பெயர், கடவுச்சொல், தரவு ஃபோல்டர், தரவுத்தளம். ஆனால் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது சோதனைக்குத்தான் சரி, இரண்டு கணினிகள் ஓயாமல் ஒத்திசையும்போது தாங்காது. மரியாடிபியே போடுங்கள். தரவு ஃபோல்டரையும் வெப் சர்வரின் ஃபோல்டருக்கு வெளியே தனியாக வையுங்கள். பிறகு மாற்றுவது பெரிய தலைவலி.

நிறுவிய கணினியில் எல்லாம் திறந்தது. லேப்டாப்பிலிருந்து அந்தக் கணினியின் வீட்டு நெட்வொர்க் முகவரியை, 192.168.1.20 என்று அடித்தால், நம்பகமற்ற டொமைன் என்று சொல்லித் தடுத்தது. லோக்கல்ஹோஸ்ட் (ஒரு கணினி தன்னையே அழைக்கும் பெயர்) என்ற பெயரில் நிறுவினால் அந்தப் பெயரை மட்டுமே அது நம்பும். அமைப்புகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் கோப்பில் நம்பகமான டொமைன்கள் பட்டியலில் இந்த முகவரியையும் ஒரு வரி சேர்த்ததும் திறந்துவிட்டது. கையோடு ரவுட்டரில் அந்த முகவரியை இந்தக் கணினிக்கே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது முகவரி மாறி, மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

அடுத்து, என் பழைய கோப்புகளை நேராகத் தரவு ஃபோல்டருக்குள் நகலெடுத்துப் போட்டேன். திரையில் ஒன்றுகூட இல்லை! நெக்ஸ்ட்கிளவுட் வட்டைப் பார்த்துப் பட்டியல் காட்டுவதில்லை, தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் காட்டுகிறது. கோப்புகளின் உரிமையை வெப் சர்வரின் பயனருக்கு மாற்றி, ஓசிசி என்ற நெக்ஸ்ட்கிளவுடின் கட்டளையில் ஸ்கேன் ஓட்டிய பிறகு வரிசையாக வந்தன. அந்த வரிசையைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

நிர்வாகப் பக்கம் காட்டும் எச்சரிக்கைகளை ஒதுக்காதீர்கள். பிஎச்பியின் நினைவக வரம்பை 512 எம்பி ஆக்கச் சொன்னது, ஆக்கினேன். பின்னணி வேலைகள் இயல்பாக அஜாக்ஸ் என்ற முறையில் இருக்கும். அப்படியென்றால் யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் அவை நடக்கும். என்னைப் போலப் பிரவுசரையே திறக்காதவர்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) ஓடும்படி மாற்றிவிட வேண்டும்.

விண்டோஸ் லேப்டாப்பில் கிளையண்டை, அதாவது சர்வரோடு ஒத்திசைக்கும் செயலியை, நிறுவுவது ஒன்றுமே கஷ்டமில்லை. அதில், கோப்பின் பெயரை மட்டும் காட்டி, திறக்கும்போது இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. இடம் மிச்சமாகும், ஆனாலும் நான் வேண்டாம் என்று விட்டேன். சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடவில்லை. வெளியே போனால் முழு நகல் என் கையில் இருக்க வேண்டும், வீடு திரும்பியதும் அது தானாக ஒத்திசைந்துகொள்ளும். ஒரே கோப்பை இரண்டு கணினியிலும் திருத்தியிருந்தால், சர்வரில் உள்ளது அதே பெயரில் இருக்கும், உங்களுடையது முரண்பட்ட நகல் என்ற குறிப்போடு பக்கத்தில் நிற்கும். எதுவும் தொலைவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பதிப்புகள்தான். முதல் ஒரு மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு ஒன்று, முதல் நாளில் மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று என்று பழைய வடிவங்களை வைத்திருக்கிறது. அழித்த கோப்பும் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அந்தக் கணக்கை நாமே மாற்றலாம். நான் 180 ஆக்கியிருக்கிறேன்.

கட்டளைத் திரையைத் தொடவே விரும்பாதவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். நெக்ஸ்ட்கிளவுடைப் புதுப்பிக்கும்போதும் மென்பொருளின் பெரிய பதிப்பு ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். அப்புறம், ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஞாயிறுதோறும் தரவு ஃபோல்டர், கான்ஃபிக் கோப்பு, தரவுத்தளம் மூன்றையும் ஒரு வெளி வட்டில் எடுத்து, வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.