பிபிசியா, ஐடிவியா? 1955-இன் லண்டன் மாலைகள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டை எடுத்துப் பேசச் சொன்னால் நான் 1955-ஐத்தான் எடுப்பேன். அந்த வருஷம் செப்டம்பர் 22 வரைக்கும் அங்கே இருந்தது ஒரே ஒரு சேனல், பிபிசி. பிடித்தால் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பெட்டியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அன்று மாலை 7.15-க்கு லண்டனில் ஐடிவி தொடங்கியது. விளம்பரக் காசில் ஓடிய முதல் பிரிட்டிஷ் சேனல் அது.

இந்தப் போட்டியைப் பற்றி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பிபிசி என்றால் தரம், ஐடிவி என்றால் கூத்து. ஒன்று வாத்தியார், மற்றது வியாபாரி. போட்டியின் முதல் இரண்டு வருஷ நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. வியாபாரி கொடுத்ததில் உருப்படியானது செய்தி. வாத்தியார் கொடுத்ததில் காலத்துக்கும் நின்றது ஜனரஞ்சகமான கதைகள்.

ஐடிவி வருவதற்கு முன்பே அதற்குச் சாபம் கொடுத்தவர்கள் ஏராளம். பிபிசியை உருவாக்கிய ரீத் பிரபு 1952-இல் பிரபுக்கள் சபையில் எழுந்து, வணிக ஒலிபரப்பைப் பெரியம்மை, பிளேக் போன்ற கொள்ளைநோய்களின் வரிசையில் சேர்த்துப் பேசினார். அடுத்த வருஷம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. பிரிட்டனில் சுமார் 2 கோடிப் பேர் அதை பிபிசியில் பயபக்தியோடு பார்த்தார்கள். அதே காட்சிகளை அமெரிக்காவின் என்பிசி காட்டியபோது நடுநடுவே தன் காலை நிகழ்ச்சியின் செல்லப்பிள்ளையான ஒரு சிம்பன்சியையும் திரையில் கொண்டுவந்தது. ஜே. பிரெட் மக்ஸ் என்பது அந்தக் குரங்கின் பெயர். வணிகத் தொலைக்காட்சி வந்தால் நம் ராணிக்கும் இந்தக் கதிதான் என்று எதிர்ப்பாளர்களுக்கு நல்ல ஆயுதம் கிடைத்தது.

அந்தச் சண்டையில் விளைந்த ஒரு நல்ல காரியம், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போட்ட வேலிகள். நிகழ்ச்சிகளைத் தயாரிப்பது தனியார் கம்பெனிகள். ஒளிபரப்புக் கோபுரங்களும் கடிவாளமும் ஐடிஏ என்ற பொது ஆணையத்தின் கையில். சோப்புக் கம்பெனி ஒரு நாடகத்துக்குக் காசு கொடுத்து, கதை எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிற அமெரிக்க வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. விளம்பரம் தனியாக, நிகழ்ச்சி தனியாக. இடைவெளிகூட நிகழ்ச்சியில் இயல்பாக வரும் இடத்தில்தான் விட வேண்டும். ஆணையத்தின் தலைவராக உட்கார்ந்தவர் கென்னத் கிளார்க், தேசிய ஓவியக் கூடத்தின் இயக்குநராக இருந்த கலை வரலாற்று அறிஞர். வியாபாரக் கூடாரத்துக்கு இப்படி ஒரு காவல்காரர்.

சரி, பார்க்கிறவருக்கு என்ன செலவு? பிபிசிக்கு வருஷத்துக்கு 3 பவுண்டு உரிமக் கட்டணம். ஐடிவி இலவசம் என்று பெயர். ஆனால் 3 பவுண்டு கட்டினால்தான் வீட்டில் பெட்டியே வைத்துக்கொள்ள முடியும். அதற்கு மேல், ஐடிவி வந்தது வேறு அலைவரிசைப் பட்டையில். பழைய பெட்டிகள் அதைப் பிடிக்கா. ஒரு கன்வர்ட்டர் பெட்டி, கூரையில் இன்னோர் ஆன்டெனா, இல்லாவிட்டால் புதிய டிவி. நாடு முழுக்க சுமார் 45 லட்சம் உரிமங்கள் இருந்த காலத்தில், முதல் இரவு ஐடிவியைப் பார்க்க வசதியிருந்த வீடுகள் 2 லட்சத்துக்கும் குறைவு. லண்டனுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. மிட்லண்ட்ஸுக்கு 1956 பிப்ரவரியிலும், வடக்கே லங்காஷயர் பக்கம் மே மாதத்திலும்தான் ஐடிவி போய்ச் சேர்ந்தது. ஆக, செலவுக் கணக்கில் பிபிசிக்குத்தான் வெற்றி. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

முதல் இரவை ஐடிவி நடத்திய விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பிபிசியைவிடப் பெரிய பிபிசியாக இருக்கப் பார்த்தார்கள். லண்டன் கில்ட்ஹாலில் விருந்து. ஜான் பார்பிரோலியின் கையசைவில் ஹாலே இசைக்குழு எல்கரின் இசையை வாசிக்கிறது. மேயர், அஞ்சல் துறை அமைச்சர், கென்னத் கிளார்க் என்று வரிசையாக உரைகள். அறிவிப்பாளர் லெஸ்லி மிட்செல், 1936-இல் பிபிசி தொலைக்காட்சி தொடங்கியபோது அறிவித்த அதே ஆள். எட்டு மணிக்கு வெரைட்டி நிகழ்ச்சி, 8.12-க்கு முதல் விளம்பரம். எந்தக் கம்பெனி முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கிப்ஸ் எஸ்ஆர் பற்பசைக்கு விழுந்தது. பனிக்கட்டிக்குள் பற்பசை ட்யூப், ஓடும் தண்ணீர், அமைதியான ஒரு குரல். அவ்வளவுதான். கொள்ளைநோய் வரப்போகிறது என்று பயந்தவர்கள் பல் துலக்கச் சொன்ன அந்த விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

பிபிசி சும்மா இருக்கவில்லை. அது அடித்த அடி வானொலியிலிருந்து வந்தது. ஐடிவி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது, 6.45-க்கு, 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடரின் வழக்கமான கால்மணி நேரப் பகுதி. அதில் சில மாதங்களுக்கு முன்தான் கல்யாணமான கிரேஸ், தீப்பிடித்த லாயத்துக்குள் குதிரையைக் காப்பாற்ற ஓடி, உயிரை விட்டாள். பிபிசியின் தொலைபேசி இணைப்புகள் திணறின. மறுநாள் பத்திரிகைகளில் கில்ட்ஹால் விருந்தோடு கிரேஸின் சாவும் போட்டி போட்டது. தேதி தற்செயல்தான் என்று பிபிசி சாதித்தது, நம்பியவர்கள் குறைவு. எந்தச் சீரியல் தயாரிப்பாளரும் மெச்சக்கூடிய வேலை இது. இதைச் செய்தது வியாபாரி அல்ல, வாத்தியார் என்பதைக் கவனியுங்கள்.

கேளிக்கைப் பக்கம் வந்தால், ஐடிவி முதல் வாரத்திலேயே பிபிசியைத் தூக்கி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து நேரலை. தொகுப்பாளர் டாமி டிரிண்டர், முதல் நாள் நட்சத்திரம் கிரேசி பீல்ட்ஸ். அப்புறம் காசு கொட்டும் வினாடி வினாக்கள். ரேடியோ லக்சம்பர்க்கில் ஏற்கெனவே பெயர் வாங்கிய இரண்டு நிகழ்ச்சிகளை அப்படியே கொண்டுவந்தார்கள். ஹியூயி கிரீனின் 'டபுள் யுவர் மணி'யில் 1 பவுண்டில் தொடங்கி, சரியான பதிலுக்கெல்லாம் இரட்டிப்பாகி 32 பவுண்டு வரை ஏறும். அன்றைய ஒரு தொழிலாளிக்கு அது கிட்டத்தட்ட மூன்று வாரக் கூலி. அதையும் தாண்டினால் 1,000 பவுண்டுக்குக் குறி வைக்கலாம். மைக்கேல் மைல்ஸின் 'டேக் யுவர் பிக்'கில் ஒரு நிமிஷம் 'ஆம்', 'இல்லை' என்ற வார்த்தைகள் வாயில் வராமல் பேச வேண்டும். தப்பினால் காதருகே ஒரு சேகண்டி அடி.

அதே சமயம் பிபிசியில் ஓடியது 'வாட்ஸ் மை லைன்?'. வந்தவர் என்ன தொழில் செய்கிறார் என்று நான்கு பிரபலங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களை ஏமாற்றி ஜெயித்தால் பரிசு ஒரு சான்றிதழ்ச் சுருள். காசு கிடையாது. ஆனால் அந்த நிகழ்ச்சியில் கில்பர்ட் ஹார்டிங் இருந்தார். எதிரே இருப்பவர் மழுப்பினால் முகத்துக்கு நேரே எரிந்து விழுகிற மனிதர். ஒரு சுற்றில் அவர் பொறுமை எப்போது போகும் என்று காத்திருப்பதற்காகவே நாடு உட்கார்ந்தது. பரிசுத் தொகையைவிட ஆள்தான் முக்கியம் என்று பிபிசி அறிந்து வைத்திருந்தது போலும். ஆனாலும் கூட்டம் காசு இருக்கும் இடத்துக்குத்தான் போனது. இந்த ஆட்டத்தில் ஐடிவிக்கு நல்ல நீண்ட ஆயுள். நம் ஊரில் 'கோடீஸ்வரன்' என்று வந்ததன் மூலமும் 1998-இல் ஐடிவியில் தொடங்கியதுதான்.

இனி செய்திக்கு வருவோம். என் கட்சிக்கு முக்கியச் சாட்சி இதுதான்.

1954 ஜூலையில் பிபிசி தினசரித் தொலைக்காட்சிச் செய்தியைத் தொடங்கியபோது, செய்தி வாசிப்பவர் முகத்தைக் காட்டவில்லை. குரல் மட்டும், திரையில் வரைபடம், நிழற்படம். வாசிப்பவரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தால்கூட நடுநிலைமை போய்விடும் என்ற பயம். 1955 செப்டம்பர் 4-ஆம் தேதிதான் கென்னத் கெண்டலின் முகம் முதன்முதலாகத் தெரிந்தது. ஐடிவி வருவதற்குப் பதினெட்டு நாள் முன்பு! அதுவும் பெயர் சொல்லாமல்.

ஐடிவியின் செய்திப் பிரிவான ஐடிஎன்னின் முதல் ஆசிரியர் எய்டன் கிராலி. அவர் கிறிஸ்டோபர் சட்டவே என்ற 24 வயது ஓட்டக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரோஜர் பேனிஸ்டர் நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய பந்தயத்தில் வேகம் பிடித்துக் கொடுத்தவர். 5,000 மீட்டரில் சோவியத் வீரர் விளாதிமிர் கூட்ஸை முந்தி உலக சாதனை செய்தவர். ஊருக்கே தெரிந்த முகம், சொந்தப் பெயர், எழுதிக் கொடுத்ததைத் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிப் பேசும் சுதந்திரம். மதியச் செய்தியில் பார்பரா மாண்டல் என்ற பெண். இன்னொருவர் ராபின் டே. வக்கீலுக்குப் படித்தவர், தடித்த கண்ணாடி, வில் டை. அமைச்சர்களிடம், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கைகட்டிக் கேட்பது அதுவரை வழக்கம். டே அவர்களைக் கூண்டில் நிறுத்திய சாட்சியைப் போல விசாரித்தார். 1957-இல் கெய்ரோவுக்கே போய் எகிப்து அதிபர் நாசரைப் பேட்டி எடுத்தார், பிரிட்டன் எகிப்தோடு போட்ட சூயஸ் சண்டை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம்.

இதெல்லாம் ஐடிவி முதலாளிகளின் பெருந்தன்மையால் நடந்ததா என்றால், இல்லை. செய்திக்குச் செலவு அதிகம், விளம்பரக்காரருக்கு ஆசை குறைவு. தொடங்கிய சில மாதங்களிலேயே கம்பெனிகள் செய்தி நேரத்தைக் குறைக்கப் பார்த்தன. கிராலி 1956 ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். செய்தி பிழைத்ததற்கு ஆணையம் பிடித்த கடிவாளம் ஒரு காரணம். அடுத்து வந்த ஜெஃப்ரி காக்ஸின் பிடிவாதம் இன்னொன்று. பிபிசி இதிலிருந்து கற்றுக்கொண்டது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், சட்டவேயும் பின்னர் டேயும் பிபிசியின் நடப்பு விவகார நிகழ்ச்சியான 'பனோரமா'வுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

'பனோரமா'வைப் பற்றி ஒரு வார்த்தை. ஐடிவி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்புதான் ரிச்சர்ட் டிம்பிள்பியை வைத்து அதைப் புது உருவில் வாரந்தோறும் வரும்படி மாற்றினார்கள். ஆகவே பிபிசி தூங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழித்துக்கொண்ட தேதிகளைப் பார்த்தால் யாருடைய காலடிச் சத்தத்தில் முழித்தது என்று தெரிகிறது.

கதைகளில் நிலைமை தலைகீழ். 1955 ஜூலையில் பிபிசி 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' தொடரைத் தொடங்கியது. லண்டன் கிழக்குப் பகுதியில் ரோந்து போகும் வயதான கான்ஸ்டபிள்; நடித்தவர் ஜாக் வார்னர். இதே டிக்சன் 1950-இல் வந்த ஒரு படத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்! செத்தவரை எழுப்பிக் கொண்டுவந்து 1976 வரை ஓட்டினார்கள். அக்டோபரில் நைஜல் நீல் எழுதிய 'குவாட்டர்மாஸ் 2': அரசாங்கத் தொழிற்சாலைக்குள் வேற்றுக்கிரக ஜீவன்கள் புகுந்துவிட்ட கதை, வாரம் ஒன்றாக ஆறு பகுதி. பெரும்பகுதி நேரலையாக நடித்தது. வசனம் மறந்தால், செட் ஆடினால், நாடு முழுக்கத் தெரியும். அந்தப் பதற்றம் கதையின் பயத்தோடு சேர்ந்துகொண்டது.

இதற்கு எதிரே ஐடிவியிடம் இருந்த ஒரே பெரிய சீட்டு 'ராபின் ஹூட்'. ரிச்சர்ட் கிரீன் நடித்து, பிலிமில் எடுத்து, அமெரிக்காவின் சிபிஎஸ் வரை விற்ற தொடர். பார்க்கச் சிறுவர் கதை. ஆனால் அதைத் தயாரித்த ஹன்னா வைன்ஸ்டீன், கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி ஹாலிவுட் ஒதுக்கிய ரிங் லார்ட்னர் ஜூனியர் போன்ற எழுத்தாளர்களுக்குப் புனைபெயரில் வேலை கொடுத்தார். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் திருடனின் கதையை, வேலை பறிபோனவர்கள் எழுத, அவர்களை விரட்டிய நாடே காசு கொடுத்து வாங்கிப் பார்த்தது. ஐடிவியின் முதல் வருஷக் கதைகளில் எனக்குப் பிடித்தது இந்தத் திரைமறைவுக் கதைதான்.

பணம்? முதல் வருஷம் ஐடிவிக்கு அடி. பார்க்கும் வீடுகள் குறைவு என்பதால் விளம்பரம் வரவில்லை. ஹாலே இசைக்குழுவும் கனமான நிகழ்ச்சிகளும் மெல்ல ஓரங்கட்டப்பட்டன. 'டெய்லி மெயில்' நடத்திய நிறுவனம் பயந்து லண்டன் கம்பெனியில் தன் பங்கின் பெரும்பகுதியை விற்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 1957-இல் இரண்டு சேனலும் கிடைக்கும் வீடுகளில் பத்துக்கு ஏழு பேர் ஐடிவி பக்கம் இருந்தார்கள், காசு கொட்டியது.

ஒரு 1955 லண்டன் வீட்டில் நான் இருந்திருந்தால்? முதல் குளிர்காலத்தில் கன்வர்ட்டர் வாங்கியிருக்க மாட்டேன். டிக்சனும் குவாட்டர்மாஸும் ஹார்டிங்கின் கோபமும் போதும். 1956 அக்டோபர் கடைசியில் சூயஸ் சண்டையில் குண்டு விழத் தொடங்கியதும் ஓடிப்போய் வாங்கியிருப்பேன், ஐடிஎன்னுக்காக.

கடைசியாக மாலை 6 முதல் 7 வரை நடந்த சண்டை. குழந்தைகளைத் தூங்கவைக்க வசதியாக அந்த ஒரு மணி நேரம் எந்தச் சேனலும் ஒளிபரப்பக் கூடாது என்று ஏற்பாடு இருந்தது. ஐடிவிக்கு அது விளம்பர நேரம் வீணாவது, எடுக்கச் சொன்னது. பிபிசிக்கு அது செலவு மிச்சம். உரிமக் கட்டணம் ஏறப்போவதில்லையே, இருக்கட்டும் என்றது. அஞ்சல் துறை அமைச்சர் சார்லஸ் ஹில், பெற்றோர் பிள்ளையைத் தூங்கவைப்பதில் அரசுக்கு என்ன வேலை என்ற எண்ணத்தில் அதை நீக்கினார். 1957 பிப்ரவரி 16 முதல் அந்த நேரம் திறந்தது. வேண்டாம் என்ற பிபிசிதான் அதை அதிகம் பயன்படுத்திக்கொண்டது. அன்றே இளைஞர்களுக்கான பாப் இசை நிகழ்ச்சி. இரண்டு நாள் கழித்து கிளிஃப் மிச்சல்மோர் தொகுத்த 'டுநைட்'. அமைச்சர் பேட்டியும் தெருமுனை அரட்டையும் ஒரு பாட்டும் ஒரே நிகழ்ச்சியில். முகத்தைக் காட்டவே பயந்த நிறுவனம் மூன்றே வருஷத்தில் அப்படிப் பேசக் கற்றிருந்தது. தினமும் அந்த நேரத்தில் பார்வையாளர்கள் பிபிசிக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.