அஞ்சு வருஷம் ஜிசிசி இன்லைன் அசெம்ப்ளியோட குப்பை கொட்டின கதை

ஜிசிசிங்கறது சி கம்பைலர், இன்லைன் அசெம்ப்ளின்னா சி கோடுக்கு நடுவுலயே ப்ராசசரோட நேரடி கட்டளைய எழுதறது. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரில எழுதுற சின்ன கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப்பகுதி) ஒண்ணு வெச்சிருக்கேன், 64 பிட் எக்ஸ்86, க்யூஎமுல (கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்) ஓடும், பழைய லேப்டாப் ஒண்ணுலயும் ஓடும் (அதுக்கு மனசு வந்தா). முதல் ஆறு மாசம் ஓ0-லயே (ஆப்டிமைஸ் பண்ணாத மோடு) கம்பைல் பண்ணிட்டு இருந்தேன், எல்லாம் சமத்தா ஓடுச்சு. ஒரு நாள் ஸ்க்ரீன் ஸ்க்ரோல் ரொம்ப மந்தமா இருக்கேன்னு ஓ2 (வேகமாக்கற மோடு) போட்டேன். பூட் ஆகுது, உடனே ரீசெட், திரும்ப பூட், திரும்ப ரீசெட். ட்ரிபிள் ஃபால்ட், அதாவது பிழைய கையாளப் போன எடத்துலயும் பிழை வந்து சிபியு ரீசெட் ஆகறது.

மூணு ராத்திரி போச்சுங்க. கம்பைலர் பக்குன்னு முடிவே கட்டிட்டேன், எல்லாரும் முதல்ல அதத்தான சொல்லுவோம். அப்புறம் க்யூஎமுல ரீபூட் ஆகாம நிறுத்தி இன்டரப்ட் லாக் எடுத்தா, ஐடிடி (இன்டரப்ட் வந்தா எங்க போகணும்னு சொல்ற டேபிள்) அட்ரஸ் இருக்க வேண்டிய எடத்துல ஏதோ குப்பை. கம்பைல் ஆன கட்டளைகள ஆப்ஜ்டம்ப் போட்டுப் பாத்தா, அந்த டேபிள் அட்ரஸ சிபியுல ஏத்தற எல்ஐடிடி இன்ஸ்ட்ரக்‌ஷன் பத்திரமா இருக்கு, அதுக்கு முன்னாடி லிமிட்டையும் பேஸ் அட்ரஸையும் ஸ்டாக்ல எழுதுற ஸ்டோர் ரெண்டையும் காணோம்! நான் பண்ணது என்னன்னா, அந்த 10 பைட் ஸ்ட்ரக்ட லோக்கல் வேரியபிளா வெச்சு, அட்ரஸ மட்டும் "ஆர்" கன்ஸ்ட்ரைன்ட்ல (அசெம்ப்ளிக்கு எது எப்படி வரணும்னு கம்பைலருக்குச் சொல்ற குறி, "ஆர்"னா ரெஜிஸ்டர்ல) அனுப்பியிருக்கேன். கம்பைலருக்கு அது வெறும் நம்பர், கேட்டான் குடுத்தாச்சு, அந்த அட்ரஸுக்குள்ள போய் இவன் படிக்கப் போறான்னு யாரும் சொல்லல, அப்ப அந்த ஸ்டோர் எதுக்கு, தூக்கிப் போடு. வாலடைல் போடலயான்னு கேப்பீங்க, போட்டிருந்தேன், ஆனா வாலடைல் அந்த அசெம்ப்ளிய தூக்கிடாதன்னு மட்டும்தான் சொல்லும், சுத்தியிருக்கற மெமரி பத்தி அதுக்குக் கவலையே கிடையாது. ஸ்ட்ரக்டையே "எம்" (மெமரி) கன்ஸ்ட்ரைன்ட்ல குடுத்தேன், ஓடிருச்சு. ஒரு எழுத்துக்கு மூணு ராத்திரி.

அங்கதான் எனக்கு உறைச்சது, ஜிசிசி அந்த மேற்கோள் குறிக்குள்ள இருக்கற அசெம்ப்ளிய படிக்கறதே இல்ல. எழுத்த அப்படியே அசெம்ப்ளர்கிட்ட தள்ளி விட்டுருது, அதுக்குத் தெரியறது நீங்க கோலன் போட்டு எழுதற கன்ஸ்ட்ரைன்ட் மட்டும்தான். மெமரிய காப்பி பண்ற ரெப் மூவ்எஸ்பி எழுதி, அது மாத்திப் போடற ரெஜிஸ்டர் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்சிஎக்ஸ் மூணையும் வெறும் இன்புட்டா குடுத்தீங்கன்னா, ஓடி முடிச்சப்புறமும் அதுல பழைய மதிப்புதான் இருக்குன்னு நம்பி அடுத்த வரில எடுத்து யூஸ் பண்ணிடும். பிளஸ் போட்டு இன்புட்டும் அவுட்புட்டும்னு சொல்லணும். இதுல ஒரு வார்னிங் கூட வராது, எனக்கு இருக்கற பெரிய கடுப்பே அதான்.

டைமிங் பாக்க ஆர்டிடிஎஸ்சி (சிபியுவோட கவுன்ட்டர படிக்கற கட்டளை) எழுதினது இன்னொரு கூத்து. வாலடைல் மறந்துட்டேன், ரெண்டு தடவ கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணுதானேன்னு ஒரே தடவ ஓட்டிட்டு கழிச்சுக் காட்டுச்சு, 0. என் ஃபங்க்‌ஷன் 0 சைக்கிள்ல முடியுதாம்! அத சரி பண்ணா மேல் 32 பிட் காணோம், ஏன்னா பழைய 32 பிட் கோட்ல இருந்து பெரிய ஏ கன்ஸ்ட்ரைன்ட காப்பி அடிச்சிருந்தேன், 32 பிட்ல அது ஈஏஎக்ஸ் ஈடிஎக்ஸ் ஜோடி, 64 பிட்ல ரெண்டுல ஏதோ ஒண்ணு. சின்ன ஏ, சின்ன டி தனித்தனியா வாங்கி நாமளே ஷிஃப்ட் பண்ணி ஒட்டிக்கணும்.

இன்டரப்ட நிறுத்தி திரும்ப விடற சிஎல்ஐ, எஸ்டிஐ-க்கு மெமரி கிளாபர் (இது மெமரிய தொடலாம்னு கம்பைலருக்குச் சொல்ற குறி) கண்டிப்பா வேணும், இல்லன்னா உள்ள இருக்க வேண்டிய ஸ்டோர கம்பைலர் வெளிய நகத்திடலாம். லினக்ஸ்ல பேரியர்னு ஒரு மேக்ரோ இருக்கே, அதுக்குள்ள ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் கூட கிடையாது, காலி ஸ்ட்ரிங், கூட மெமரி கிளாபர், அவ்ளோதான். ஆனா அது கம்பைலர மட்டும்தான் கட்டுப்படுத்தும், சிபியுவே வரிசை மாத்தறத தடுக்க ஃபென்ஸ்னு ஒரு கட்டளை தனியா போடணும்.

லினக்ஸ் கெர்னல் ஓ0-ல பில்டே ஆகாது தெரியுமா. சில கன்ஸ்ட்ரைன்ட் கம்பைல் டைம்ல தெரிஞ்ச நம்பர் கேக்கும், ஃபங்க்‌ஷன் இன்லைன் ஆனாதான் (கூப்பிட்ட எடத்துலயே விரிஞ்சாதான்) அது நம்பராகும். அவங்களுக்கும் தலவலி இல்லாம இல்ல. ஜிசிசி அசெம்ப்ளியோட சைஸ நியூலைனையும் செமிகோலனையும் எண்ணித்தான் கணக்கு போடும், பக் டேபிள் (பிழை எந்த எடம்னு குறிச்சு வைக்கற பட்டியல்) மாதிரி வேற செக்‌ஷனுக்குப் போற வரியையும் சேத்து எண்ணி, இது பெருசுன்னு சின்ன ஃபங்க்‌ஷன கூட இன்லைன் பண்ணாம விட்டுரும். 2018-ல மேக்ரோவால சுத்தி வளைச்சுப் பாத்து திருப்பி எடுத்துட்டாங்க, 2019-ல ஜிசிசி 9 "அசம் இன்லைன்" (இத சின்னதுன்னே கணக்கு வெச்சுக்கோன்னு சொல்றது) கொண்டு வந்தப்புறம்தான் நிம்மதி.

நான் இப்போ இன்லைன எல்லாம் ஒரே ஹெட்டர்ல வெச்சிருக்கேன், ஒண்ணொண்ணும் மூணு வரிக்கு மேல இல்ல, பெருசா வந்தா தனி அசெம்ப்ளி ஃபைல், அட்டாமிக்குக்கு (நடுவுல யாரும் குறுக்கிட முடியாத வேலைக்கு) ஜிசிசியோட பில்ட்டின். ரெட் ஸோன் (ஸ்டாக்குக்குக் கீழ கம்பைலர் சொல்லாம யூஸ் பண்ணிக்கற எடம்) ஆஃப் பண்ற ஃப்ளாக் மேக்ஃபைல்ல முதல் வரி, இல்லன்னா இன்டரப்ட் வந்து அந்த 128 பைட்ட மிதிச்சுட்டுப் போயிரும். பழைய லேப்டாப்ல மட்டும் கீபோர்டு எப்பவாச்சும் தொங்குது, ஓ0-ல தொங்கல. போர்ட் படிக்கற ஃபங்க்‌ஷன்ல எதையோ சொல்லாம விட்டிருக்கேன், இந்த சனிக்கிழமை டம்ப் எடுத்து உக்காரணும்.