க்யூட்டி விட்ஜெட்டின் தோற்றத்தை மாற்ற: ஸ்டைல்ஷீட்டா, ப்ராக்ஸி ஸ்டைல் கிளாஸா?

க்யூட்டி (Qt) என்பது சி++ மொழியில் திரைகள் அமைக்க உதவும் கருவித்தொகுப்பு. பட்டன், செக்பாக்ஸ் போன்ற திரைப் பாகம் ஒவ்வொன்றும் அதில் ஒரு விட்ஜெட். அதன் தோற்றத்தை மாற்ற இரண்டு வழி: வலைப்பக்கத்தின் சிஎஸ்எஸ் போல விதிகளை எழுத்தாகத் தரும் ஸ்டைல்ஷீட், இருக்கும் ஸ்டைலில் வேண்டியதை மட்டும் மாற்றும் சி++ கிளாஸான ப்ராக்ஸி ஸ்டைல். நாலு பட்டனுக்கு நிறம் மாற்றி, மூலையை வளைப்பதுதான் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டைல்ஷீட் போதும். மூன்று வரி, மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை, சிஎஸ்எஸ் பழகியவர் யாரும் திருத்தலாம். பின்னணி நிறம் கொடுத்தும் பட்டனில் தெரியவில்லையா? பார்டரையும் சேர்த்து எழுதுங்கள். சிஸ்டம் வரையும் பார்டர் அந்த நிறத்தை மூடிவிடுகிறது.

நிறைய திரைகளோடு பல வருடம் ஓட வேண்டிய டெஸ்க்டாப் அப்ளிகேஷன் என்றால் என் தேர்வு வேறு: க்யூட்டியோடு வரும் ஃப்யூஷன் ஸ்டைலை அடித்தளமாக வைத்து, க்யூப்ராக்ஸிஸ்டைலிலிருந்து ஒரு கிளாஸ், நிறங்களுக்கு க்யூபேலட் என்ற நிறத்தொகுப்பு. காரணம் ஒன்றுதான், பராமரிப்பு.

ஸ்டைல்ஷீட் விட்ஜெட்டைப் பெயரை வைத்துத் தேடுகிறது. யாராவது கிளாஸ் பெயரையோ ஆப்ஜெக்ட் நேமையோ மாற்றினால் அந்த விதி சத்தமில்லாமல் செத்துப்போகும். பிராப்பர்ட்டி பெயர் தவறினால் கன்ஸோலில் ஒரு எச்சரிக்கையாவது வரும். செலக்டர் (விதி எந்த விட்ஜெட்டுக்கு என்று சொல்லும் பகுதி) பொருந்தாவிட்டால் எதுவுமே வராது. சொந்த கிளாஸில், அதன் பெயரை க்யூட்டிக்குத் தெரிவிக்கும் க்யூ_ஆப்ஜெக்ட் மேக்ரோ விட்டுப்போனாலும், நேம்ஸ்பேஸின் இரட்டை முக்காற்புள்ளிக்குப் பதில் இரண்டு ஹைபன் போட மறந்தாலும் இதே கதி. கிளாஸ் வழியில் தவறைக் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும். உதாரணமாக, க்யூட்டி 6-இல், மவுஸ் விட்ஜெட்டுக்குள் நுழையும்போது அழைக்கப்படும் என்டர்ஈவென்ட்டின் ஆர்க்யுமென்ட் க்யூஈவென்ட்டிலிருந்து க்யூஎன்டர்ஈவென்ட்டாக மாறியது. ஓவர்ரைடு (அடிப்படை கிளாஸின் ஃபங்க்ஷனை மாற்றி எழுதுவது) என்று குறித்திருந்த கோடு எல்லாம் பில்டிலேயே நின்றது. வாடிக்கையாளர் திரைவரை போகவில்லை.

இன்னொரு தொல்லை, ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டியிருப்பது. செக்பாக்ஸின் இண்டிகேட்டருக்கு, அதாவது டிக் விழும் கட்டத்துக்கு, பார்டர் கொடுத்துப் பாருங்கள், டிக் குறி காணாமல் போகும். அதன்பின் டிக் போட்டது, போடாதது, செயலிழந்தது என்று ஒவ்வொரு நிலைக்கும் படம் கொடுக்க வேண்டும். காம்போபாக்ஸ், ஸ்க்ரோல்பார் இரண்டும் இதைவிட மோசம். ப்ராக்ஸி ஸ்டைலில், அளவுகளைச் சொல்லும் பிக்ஸல்மெட்ரிக்கை ஓவர்ரைடு செய்து, இண்டிகேட்டரின் அகலத்துக்கும் உயரத்துக்கும் 22 திருப்பி அனுப்பினால் போதும். டிக்கை ஃப்யூஷனே வரைந்துகொள்ளும். ஸ்லைடரில் கிளிக் செய்த இடத்துக்கே கைப்பிடி தாவ வேண்டும், டூல்டிப் தாமதம் குறைய வேண்டும் என்பதெல்லாம் தோற்றமல்ல, நடத்தை. அவற்றை ஸ்டைல்ஹின்ட் வழியாகவே மாற்ற வேண்டும்.

ஸ்டைல்ஷீட் விதி கசிவதும் உண்டு. செலக்டர் இல்லாமல் ஒரு ஃப்ரேமுக்கு பார்டர் கொடுத்தால் உள்ளே இருக்கும் லேபிள், பட்டன் எல்லாவற்றுக்கும் கோடு விழும். டைனமிக் பிராப்பர்ட்டியை நம்பி எழுதிய விதிக்கு, மதிப்பு மாறும்போதெல்லாம் ஸ்டைலைக் கழற்றி மறுபடி பூட்டும் அன்பாலிஷ், பாலிஷ் இரண்டையும் அழைக்காவிட்டால் பழைய தோற்றமே நிற்கும்.

கிளாஸ் வழிக்கும் விலை உண்டு. சிவப்பு ‘நீக்கு’ பட்டன் ஒன்றுக்காக, மவுஸ் மேலே இருக்கிறதா, அழுத்தியிருக்கிறதா, செயலில் உள்ளதா என்று ஒவ்வொன்றையும் சோதித்து நீங்களே வரைய வேண்டும். வரையும் ஃபங்க்ஷனுக்கு வரும் விட்ஜெட் பாயிண்டர் எதையும் சுட்டாமல் வெறுமையாகவும் (null) இருக்கலாம். பார்க்காமல் தொட்டால் கிராஷ். விட்ஜெட்டின் நிலையைத் தாங்கி வரும் ஆப்ஷனை வெறும் ஸ்டாட்டிக் காஸ்ட்டால் மாற்றாமல் க்யூஸ்டைல்ஆப்ஷன்_காஸ்ட்டையே பயன்படுத்துங்கள். அடித்தள ஸ்டைல் ப்ராக்ஸிக்கே சொந்தமாகிவிடும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன் ஸ்டைலை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஸ்டைல் ஃபேக்டரியில் புதிதாக உருவாக்கிக் கொடுங்கள். ஒரு விட்ஜெட்டுக்கு மட்டும் செட்ஸ்டைல் செய்தால் அது பிள்ளை விட்ஜெட்டுகளுக்கு இறங்காது. அந்த ஸ்டைல் ஆப்ஜெக்டை அழிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

வேகத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சாதாரணத் திரையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் விட்ஜெட் இருந்தால் ப்ரொஃபைலரில் அளந்து பாருங்கள்.

இரண்டையும் கலக்கும்போது கவனம் தேவை. கஸ்டம் ஸ்டைல் கிளாஸோடு ஸ்டைல்ஷீட்டுக்கு ஆதரவில்லை என்று க்யூட்டி ஆவணமே எச்சரிக்கிறது. விதி விழுந்த பாகத்தை ஸ்டைல்ஷீட் எஞ்சினே வரைந்துவிடுவதால் உங்கள் ஓவர்ரைடுக்கு அழைப்பே வராமல் போகலாம். ஆகவே பழைய ப்ராஜெக்ட்டை மாற்றும்போது முதலில் நிறங்களை பேலட்டுக்குக் கொண்டு போங்கள், அடுத்து செக்பாக்ஸ், காம்போபாக்ஸ், ஸ்க்ரோல்பார். மிஞ்சும் ஓரிரு பட்டன் விதிகளை ஆப்ஜெக்ட் நேமோடு ஸ்டைல்ஷீட்டிலேயே விட்டுவிடலாம்.