பவர் எழுதித் தரும் ஆன்லைன் சேவை: எழுதியதற்கு மூன்று நட்சத்திரம், அடித்துத் திருத்தியதற்கு ஐந்து

வங்கி கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தே என் பணிக்காலம் முழுக்கப் போனது. யாராவது ஒரு பவர் பத்திரத்தை, அதாவது ஒருவர் தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதித் தரும் பத்திரத்தை, நீட்டுவார்கள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "இதில் கணக்கை மூடலாம் என்று எங்கேயும் எழுதலையேங்க" என்று திருப்பிக் கொடுப்பேன். அவர்கள் என்னை முறைப்பார்கள். அந்த அனுபவத்தோடுதான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

முழங்கால் வலி. வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் இனி அலைய முடியாது. கணக்குகளையும் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டையும் மகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று, ஆன்லைனில் பவர் தயாரித்துத் தரும் ஒரு சேவையை எடுத்தேன். கேள்விப் படிவம், முதல் வரைவு, வக்கீலோடு வீடியோவில் பேச்சு, திருத்திய பிரதி, கூடவே பல நாட்டுச் சட்டங்களைச் சொல்லும் ஒரு கையேடு. இவ்வளவும் அந்தக் கட்டணத்தில் அடக்கம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

படிவம் சுலபம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வரைவுதான் வயிற்றெரிச்சல். வங்கி, வாடகை, வரி மூன்றை மட்டும் குறித்து அனுப்பியிருந்தேன். வந்ததோ இப்படி: "எனது அசையும், அசையாச் சொத்துகள் அனைத்தையும் விற்கவும், அடமானம் வைக்கவும், தானமாகக் கொடுக்கவும், இதில் சொல்லாமல் விடுபட்ட சகல காரியங்களையும் நானே நேரில் செய்வதுபோல் செய்யவும்..." யாருக்கோ எழுதிய பத்திரத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு மூன்று நட்சத்திரமே தாராளம்.

அப்புறம் வக்கீல் வந்தார். சின்னப் பெண்தான். வரைவைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், வீட்டை விற்கப்போறீங்களா?"

"இல்லை."

"உங்க மகள் விற்கணுமா?"

"இல்லவே இல்லை."

"அப்போ இந்த வரி எதுக்கு?" என் கண்ணெதிரே அந்த வரியைக் கோடிட்டு அடித்தார். அடமானம், தானம் இரண்டும் அதோடு போயின. 'சகல காரியங்கள்' வந்ததும் நிறுத்தி விளக்கினார். நீதிமன்றங்கள் பவரை இறுக்கமாகத்தான் படிக்கும். குறிப்பாக எழுதிய அதிகாரங்களுக்குப் பின்னால் பொதுவாக ஒரு வாலை ஒட்டினால், அந்த அதிகாரங்களை நிறைவேற்றத் தேவையானது வரைக்கும்தான் அந்த வால் நீளும். பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீடுகளைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் 1893-இலேயே ஒரு வழக்கில் இப்படித்தான் சொன்னது. பவர் எழுதிக் கொடுத்தவர் பேரில் கடன் வாங்கும் அதிகாரம் அந்தப் பவரில் இல்லை என்று தீர்ப்பானது. அந்த வழக்கு தெரியாமலேயே கவுன்டரில் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அடித்த இடத்தில் அவர் எழுதிய வரிகளைப் பார்த்துத்தான் எனக்கு மரியாதை வந்தது. வைப்புநிதியை முதிர்வில் புதுப்பிக்கலாம், இடையில் உடைக்கக் கூடாது. வாடகை ஒப்பந்தம் போடலாம், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம், வாடகைப் பணம் என் கணக்குக்குத்தான் வர வேண்டும். நாமினியை மாற்றக் கூடாது. என் மகள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் கவுன்டரில் இருப்பவருக்கு இந்த மாதிரி வரி இருந்தால்தான் கை துணிந்து கையெழுத்துப் போட வரும்.

அடுத்து அவர் கேட்டது யாரும் கேட்க விரும்பாத கேள்வி. "உங்களுக்கு நினைவு தப்பினா?" பலரும் அந்த நாளுக்காகத்தானே பவர் எழுதி வைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். பழைய ஆங்கிலேயச் சட்ட மரபுப்படி, எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் பவரும் அதோடு செத்துப்போகும். இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு இன்றும் அதையே சொல்கிறது. இங்கிலாந்து 1985-இல் இதற்கு ஒரு சட்டம் போட்டது; 2007 அக்டோபரிலிருந்து நினைவு போன பிறகும் நிலைக்கும் பவர் புது வடிவத்தில் வந்தது. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என்று தனித்தனியே எழுத வேண்டும், பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்த பிறகே பயன்படுத்த முடியும். சிங்கப்பூரில் 2010-இலிருந்து அதே மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2006-இன் மாதிரிச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், வேண்டாம் என்று எழுதாவிட்டால் பவர் தானாகவே நிலைக்கும். கையேட்டில் இந்தப் பகுதி அருமை. ஆனால் முதல் வரைவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

இறப்புக்கும் பவருக்கும் உள்ள கணக்கு எளிது: எழுதியவர் போனால் அதுவும் போச்சு. அதற்குப் பிறகு உயிலோ வாரிசுரிமையோதான் பேசும். அம்மா இறந்த பிறகு பவரைக் கொண்டு வந்து பணம் எடுக்க நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சட்டம் தெரியாது, அவ்வளவுதான்.

மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியது எனக்குப் பிடித்தது. என் பணத்தையும் அவள் பணத்தையும் கலக்கக் கூடாது, ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு வைக்க வேண்டும், பத்திரத்தில் இடம் கொடுக்காமல் அவள் வேறொருவரிடம் வேலையை ஒப்படைக்கக் கூடாது. கையெழுத்துப் போடும்போது என் பெயரை எழுதி, 'அவருக்காக, அவரது பவர் ஏஜென்ட்' என்று போட்டு, அவள் பெயரில் கையெழுத்திட வேண்டும். வெறுமனே தன் கையெழுத்தைப் போட்டு, பிறகு அந்தக் கடன் தன் தலையில்தான் என்று மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் என்று மாற்று ஏஜென்ட் ஒருவரையும் வக்கீலே கேட்டுச் சேர்த்தார்.

இனி குறைகள். ரத்துப் பத்திரத்தின் மாதிரியைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதைக் கூடவே கொடுத்திருக்க வேண்டாமா? ரத்து செய்தால் மட்டும் போதாது. ஏஜென்டுக்கும் வங்கிக்கும் வாடகைக்காரருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தில் ஏஜென்டோடு கொடுக்கல் வாங்கல் செய்தவரைச் சட்டம் பொதுவாகக் காப்பாற்றிவிடும். இழப்பு நம் பக்கம் வந்து விழும். வேறொரு நாட்டில் காட்ட வேண்டிய பவருக்கு, இரண்டு நாடுகளும் 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கும்படி ஆவணத்துக்குத் தரும் அதிகாரபூர்வச் சான்று) தேவைப்படலாம் என்பதையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எடுப்பதாக இருந்தால் வக்கீலோடு பேசும் வசதி சேர்ந்த சேவையாகப் பார்த்து எடுங்கள். வரைவு மட்டும் தரும் மலிவுத் திட்டம் வேண்டாம். சான்றிட்ட நகல்கள் நாலைந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்கு நகல் போதுமா, மூலத்தையும் காட்ட வேண்டுமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். ஏஜென்டிடம் கொடுத்துவிட்டால், ரத்து செய்ய நினைக்கும் நாளில் அதைத் திரும்ப வாங்குவதே தனிப் பாடு.