நாட்டுக்கோழி முட்டைக்கு வீட்டு இன்குபேட்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கரூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வளரும் சிறுவிடை, பெருவிடை ஆகிய நாட்டுக்கோழி வகைகளின் முட்டைகளைப் பல ஆண்டுகளாக இன்குபேட்டரில் வைத்துப் பொரித்து வருகிறோம். முதலில் ஓட்டியது தெர்மாகோல் பெட்டியில் இரண்டு குண்டு பல்பு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட், கணினியிலிருந்து கழற்றிய விசிறி ஆகியவற்றைப் பொருத்தி நாங்களே செய்த கருவி. இப்போது ஓடுவது முட்டையைத் தானே திருப்பிக்கொள்ளும், ஐம்பது முட்டை கொள்ளும் கடைக் கருவி. இரண்டையும் பழகிய பிறகு, பொரிப்பு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது சேவலையும் முட்டை சேர்த்து வைத்த இடத்தையும்தான், கருவியை அல்ல என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

விற்பவர்கள் சொல்லும் பொரிப்பு விழுக்காடு பெரும்பாலும் கருக்கூடிய முட்டைகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. 50 முட்டை வைத்து, அவற்றில் 40 மட்டும் கருக்கூடியிருந்து, 34 குஞ்சு வந்தால் அவர்கள் கணக்கில் அது 85 விழுக்காடு, நம் கணக்கில் 68. மீதிப் பத்து முட்டைக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் ஒன்றும் செய்ய இயலாது. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுவான அளவு. பெருவிடைச் சேவல் இரண்டை ஒரே பட்டியில் விட்டால் அவை சண்டையிலேயே பொழுதைக் கழிக்கும்; பெட்டைகள் இணைசேராமல் நிற்கும். ஒருமுறை இணைசேர்ந்தால் விந்து பெட்டையின் உடலுக்குள் தங்கி அடுத்தடுத்த முட்டைகளுக்கும் பயன்படுவதால், சேவலைப் பிரித்த பிறகும் பத்து நாள், சில கோழிகளில் இரண்டு மூன்று வாரம் வரை கருக்கூடிய முட்டை கிடைக்கும். அதனாலேயே, புதிய சேவலின் வாரிசுதான் வேண்டும் என்பவர்கள் பழைய சேவலை விலக்கி மூன்று நான்கு வாரம் பொறுத்த பிறகுதான் அடைக்கு முட்டை எடுக்க வேண்டும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டை, சேவலே இல்லாத கூண்டில் இடப்பட்டது. அதை வாங்கி இன்குபேட்டரில் வைத்துவிட்டு இருபத்தோரு நாள் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கருக்கூடுகிறதா என்பதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். அன்றைய முட்டை ஒன்றைத் தட்டில் மெல்ல உடைத்து ஊற்றினால், மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி தெரியும். கருக்கூடாத முட்டையில் அது ஓரம் ஒழுங்கற்ற, அடர்ந்த சிறு புள்ளியாக இருக்கும். கருக்கூடியதில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், நடுவே தெளிந்து, சுற்றிலும் வெளிறிய வளையம் கட்டியிருக்கும். கண் பழகச் சில நாள் ஆகும். ஆனால் டார்ச் அடித்துப் புது முட்டையிலேயே கருவைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது முட்டையைச் சேர்த்து வைப்பது. எங்கள் ஊர் வெயிலில் அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். முட்டை ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும்; சித்திரை மாதத்து ஓட்டு வீட்டில் கூடையில் கிடக்கும் முட்டையில் அது தள்ளாடித் தள்ளாடி வளர்ந்து, கருவிக்குள் போவதற்கு முன்பே பலவீனப்படும் அல்லது செத்துப்போகும். சேமிப்புக்கு ஏற்றது 15 முதல் 18 டிகிரி. குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியும் பொரிப்பைக் குறைக்கும். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, கோடையில் நான்கைந்து நாளுக்குள்ளும் மற்றக் காலத்தில் ஏழு நாளுக்குள்ளும் அடை வைத்துவிடுகிறோம். இந்தப் பானைதான், என் மதிப்பில், எந்தக் கருவியையும்விடப் பொரிப்பைக் கூட்டியது.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டையில் சிலந்தி கால் விரித்தது போல் ரத்த நாளங்கள் பரவி, நடுவில் கரும்புள்ளி அசைவது தெரியும். நாளங்களின்றிச் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு வளர்ந்து இறந்திருக்கிறது. முழுக்கத் தெளிவாக இருப்பதையெல்லாம் கூமுட்டை என்று ஒதுக்கி எறியாமல், உடைத்துப் பார்ப்பது நல்லது. மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளி மாறாமல் இருந்தால் குறை சேவலிடம். சிறிது பரவி நின்றிருந்தால் குறை சேமிப்பிலோ முதல் நாட்களின் வெப்பத்திலோ.

இனிக் கருவியைப் பற்றி. விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி வேண்டும். எங்கள் கடைக் கருவியின் திரையும் உள்ளிருந்த உண்மையான வெப்பமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டன; காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் சரியாக இந்த அளவைச் சுற்றித்தான் துல்லியமாகக் காட்டும் என்பதால் அதை வைத்தே திருத்திக்கொண்டோம். வெப்பம் கூடினால் பத்தொன்பதாம் நாளே தொப்புள் ஆறாத குஞ்சு வரும். குறைந்தால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று இழுக்கும்.

ஈரப்பதத்தில் வெளிக்காற்றை மறந்துவிடக் கூடாது. 28 டிகிரியில் 75 விழுக்காடு ஈரம் கொண்ட ஐப்பசிக் காற்று, கருவிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடேறியதும் 44 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே மழைக்காலத்தில் சிறிது தண்ணீரே போதும், பங்குனி சித்திரையில் தட்டு காயவே விடக்கூடாது. முதல் பதினெட்டு நாள் 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70 என்று வைக்கிறோம். மீட்டரை நம்பாதவர்கள் முட்டையை எடை போடலாம்: 45 கிராம் நாட்டு முட்டை பதினெட்டாம் நாள் 39 அல்லது 40 கிராமுக்கு வந்திருந்தால் ஈரம் சரியாக இருந்திருக்கிறது.

தானாகத் திருப்பும் வசதிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. கையால் திருப்பும்போது ஒரு திருமண நாளில்கூட யாராவது வீட்டில் இருந்தாக வேண்டியிருந்தது. பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் ஒருமுறை தேய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று; அதைத் தவிரப் பழுது இல்லை. மின்வெட்டுக்கு, 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக இணைக்கும் வசதி உள்ள கருவியே நல்லது. அது இல்லாத நாட்களில் போர்வை சுற்றி வைத்த முட்டைகள் ஓரிரு மணி நேரத்தைத் தாங்கின. முட்டை குளிர்வதைவிட, விசிறி நின்று பல்பு மட்டும் எரிவதுதான் ஆபத்து. 40 டிகிரியைக் கரு வெகுநேரம் தாங்காது.

இருபதாம் நாள் ஓட்டில் முதல் கீறல் விழுந்ததும் மூடியைத் திறக்கத் தோன்றும். திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்து முழுதாக வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம்; வந்த குஞ்சு உள்ளிழுத்த மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு நாள் தாங்கும் என்பதால் அவசரம் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசிக் கட்டத்தில் அடைக்கோழிக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. எங்களிடம் அடைக்கோழி இருக்கும் பருவத்தில் உலர்ந்த குஞ்சுகளை அன்றிரவே அதன் இறக்கைக்கடியில் விட்டுவிடுகிறோம். விடிந்ததும் தன் குஞ்சாகவே அது கூட்டிக்கொண்டு மேயப் போகிறது. அடைக்கோழி கிடைக்காதபோது, முதல் வாரம் 35 டிகிரி பல்பு வெப்பத்தில் வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து வருகிறோம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கக் கண்ணில் சொட்டு மருந்து.

ஐந்தாறு கோழி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கருவி தேவையில்லை. இருபதுக்கு மேல் பெட்டை இருந்து, அவை அடையில் உட்காராமல் மீண்டும் முட்டைக்கு வர வேண்டும் என்பவர்கள், விசிறியும் பேட்டரி இணைப்பும் உள்ளதைப் பார்த்து வாங்கலாம்.