ராஜா, ரஹ்மான், சித்ரா: ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் போக முடியும் என்றால்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பள்ளிக்கூடம் போன தமிழர்களுக்கு அவர்களுடைய இசை நாயகர்கள் வானொலியிலும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும், பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கடையில் பதிவுசெய்து வாங்கிய கேசட்டிலும்தான் அறிமுகமானார்கள். அன்று அவர்களை நேரில் பார்க்க வழியும் இல்லை, வசதியும் இல்லை. இன்று அதே தலைமுறை நாற்பதைக் கடந்து, நல்ல இருக்கைக்குப் பணம் கட்டும் நிலைக்கு வந்திருக்கிறது. வாய்ப்புக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு குடும்பம் டிக்கெட், பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் போவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே யாருடைய மேடையை முதலில் பார்ப்பது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழத்தான் செய்கிறது.

இளையராஜா, ஏ.ஆர்.ரஹ்மான், கே.எஸ்.சித்ரா ஆகிய மூவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் மறைந்துவிட்டார்; எஸ்.ஜானகி 2017-இல் மேடையிலிருந்து விடைபெற்றுக்கொண்டார். இந்த இருவரையும் நேரில் கேட்காமல் தள்ளிப்போட்டவர்களுக்கு இனி வழியில்லை என்பதே இந்த அலசலுக்கான அவசரத்தைச் சொல்லிவிடுகிறது.

மூவரில் யார் பெரியவர் என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்தச் சண்டை டீக்கடைகளில் முப்பதாண்டுகளாக நடந்துவருகிறது, அது அங்கேயே நடக்கட்டும். நான் கேட்பது வேறு. ஒரு கலைஞருடைய கலை எந்த இடத்தில் முழுமையடைகிறதோ, அந்த இடத்துக்கும் மேடைக்கும் உள்ள தூரம் எவ்வளவு? ராஜாவின் பாட்டு நொட்டேஷன் தாளில், அதாவது இசைக்குறிப்பு எழுதிய தாளில் முழுமையடைகிறது. ரஹ்மானின் பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுமையடைகிறது. சித்ராவின் பாட்டு அவருடைய தொண்டையில் முழுமையடைகிறது. நேரில் நமக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

இளையராஜாவிலிருந்து தொடங்குவோம். மெட்டு அமைந்த பிறகு ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனியாக மேற்கத்திய முறையில் எழுதிவிடுவது 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்த காலத்திலிருந்தே அவரோடு சேர்த்துப் பேசப்படும் வழக்கம். வயலின் குழு என்ன வாசிக்க வேண்டும், புல்லாங்குழல் எந்த இடத்தில் நுழைய வேண்டும், பேஸ் கிட்டார் பாடகரின் மெட்டுக்கு எதிராக எந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்பதெல்லாம் வாசிப்பவர் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகின்றன. அன்றைய ஒலிப்பதிவில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரே டேக்கில் வாசிக்க வேண்டியிருந்ததால், அந்தத் தாள்கள் தொடக்கத்திலிருந்தே மனிதக் கைகள் ஒருசேர வாசிப்பதற்காகவே எழுதப்பட்டவை. அந்தத் தாள்களைப் போதுமான கலைஞர்கள் முன் விரித்துவைத்தால், நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது ஏறக்குறைய அப்படியே திரும்ப நடக்கும்.

அதை நேரில் பார்க்கும்போது வானொலி நமக்கு எதையெல்லாம் மறைத்தது என்பது புரிகிறது. பல்லவி முடிந்து இடையிசை தொடங்குவதற்கு அரைத் தாளம் முன்னதாகவே வயலின் வரிசையில் அத்தனை வில்களும் ஒரே கோணத்தில் உயர்ந்து நிற்கின்றன. புல்லாங்குழல்காரர் தம் கடைசிச் சுரத்தை இன்னும் விடவில்லை. அதற்குள் அந்த வில்கள் இறங்கிவிடுகின்றன. இரண்டு ஒலியும் ஒன்றின்மேல் ஒன்று படியும் அந்தக் கணத்தைக் கேசட்டில் ஒரே ஒலியாகத்தான் கேட்டு வளர்ந்தோம். பின்வரிசையில் ஒருவர் பாட்டு முழுவதும் தலை நிமிராமல் பேஸ் கிட்டாரின் கழுத்தில் விரல்களை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். சிறுவயதில் நாம் காரணம் தெரியாமல் கால் தட்டியதற்குக் காரணம் அவர் கையில் இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு வீட்டில் அந்தப் பாட்டை எப்போது கேட்டாலும் காது கீழ்ச்சுரத்தைத்தான் முதலில் தேடிப் போகும். நேரில் பார்த்த பயன் கச்சேரியோடு முடியாமல் பழைய பாடல்களுக்கும் பரவுவது, மூன்று மேடைகளில் இங்கே மட்டுமே நடக்கிறது.

குறைகளும் உண்டு, அவை சிறியவையும் அல்ல. பாலு இல்லை, ஜானகி இல்லை, மலேசியா வாசுதேவன் இல்லை, ஸ்வர்ணலதா இல்லை. மனோ, எஸ்.பி.சரண், மது பாலகிருஷ்ணன், விபாவரி, ஸ்வேதா மோகன் போன்றோர் அந்த இடங்களில் நின்று பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள், ஆனாலும் சரணத்தின் நடுவில் பாலு சிரித்த அந்தச் சிரிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கு அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். கலை தாளில் இருப்பதால் குரல் மாறினாலும் பாட்டு நிற்கும் என்று நான் வாதாடலாம். வாதம் சரிதான். மனம் முழுவதுமாக ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அவர் மேடையில் நடந்துகொள்ளும் விதம். வெள்ளை உடையில் ஆர்மோனியத்தோடு அம்மன் மீதான பாடலில் தொடங்குவது வழக்கம். வாசிப்பில் பிசகு நேர்ந்தால் பாட்டை நடுவிலேயே நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்வார். கூட்டம் கத்தினால் கண்டிப்பார். இதைச் சிலர் ஆணவம் என்கிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் தவறான டேக்கை ஒத்துக்கொள்ளாத அதே மனிதர் மேடையிலும் ஒத்துக்கொள்வதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கருவி தவறியது, சரியானது எப்படி ஒலிக்க வேண்டும் என்பது நிறுத்தித் தொடங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது; இருபது கேசட் கேட்டும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

ரஹ்மான் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறார். இளமையில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்றாலும், 1992-இல் ‘ரோஜா’ வெளிவருவதற்கு முன்பே வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டு, பாட்டு பிறக்கும் இடத்தையே மாற்றிவிட்டார். பாடகர் ஒருநாள் வந்து பலவிதமாகப் பாடிவிட்டுப் போவார்; புல்லாங்குழல் வேறொரு நாள் பதிவாகும்; எது தங்கும், எது போகும், எந்த ஒலிமேல் எந்த ஒலி அடுக்கப்படும் என்பது பிறகு இரவுகளில் முடிவாகும். நாம் நேசித்த அந்தத் தொண்ணூறுகளின் ஒலி, குழலின் பின்னால் கேட்கும் மூச்சும், எங்கோ தொலைவில் ஒலிக்கும் கோரஸும், அடியில் துடிக்கும் தாளமும், ஒரே நேரத்தில் ஓர் அறையில் நிகழ்ந்தவை அல்ல. கணினியில் அடுக்கியதை மேடையில் கையால் அப்படியே வாசித்துவிட முடியாது. ஒரு பகுதி பதிவாகவே ஓட வேண்டும். அல்லது பாட்டையே புதிதாக அமைக்க வேண்டும்.

அவர் இரண்டையும் செய்கிறார். பாடல்களின் வேகம் மாறுகிறது, இரண்டு மூன்று பாடல்கள் கோர்வையாகின்றன, பாடகர்கள் ஒரே வரியை வேறு வேறு விதமாக வளர்த்துப் பாடும் புதிய சங்கதிகளைப் போடுகிறார்கள், ஒளியும் திரையும் உடையும் சேர்ந்து அது ஒரு காட்சி விருந்தாகிறது. சிவமணி தாளக் கருவிகளின் நடுவே நின்று அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்கும்போது அது எந்த ஒலித்தட்டிலும் இல்லாத, உண்மையிலேயே அந்த இரவுக்கு மட்டும் உரிய இசை. கன்டினியம் என்ற, கட்டைகள் பிரியாமல் ஒரே பரப்பாக நீளும் கருவியின்மேல் ரஹ்மானின் விரல் வழுக்கிச் சென்று, சுரத்தை அசைத்து வளைக்கும் ஒரு கமகத்தை எடுக்கும்போது மட்டும், அத்தனை விளக்குகளுக்கும் நடுவில், ஒலியைத் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய பஞ்சதன் மனிதர் தெரிகிறார். ஆனால் அத்தகைய தருணங்கள் குறைவு. சிறுவயதில் ஹெட்போனில் கேட்ட அதே ஒலியைத் தேடிப் போகிறவர் ஓரளவு ஏமாற்றத்துக்கு மனத்தைத் தயார்செய்துகொள்வது நல்லது. கொண்டாட்டத்துக்குப் போகிறவருக்கு ஏமாற்றமே இல்லை.

மொழியையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017-இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனதாகச் செய்தி வந்தது; மும்பையிலோ வளைகுடாவிலோ நடக்கும் நிகழ்ச்சியில் தமிழ் ரசிகருக்கு இதுவே தலைகீழாக நேரலாம். அடுத்தது கூட்டம். 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரில் நடந்த ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில், ஏற்கெனவே ஆகஸ்டு மாதம் மழையால் தள்ளிவைக்கப்பட்டு நடந்த அந்த நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்த பலர் நெரிசலில் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். ரஹ்மான் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தார், பணமும் திருப்பித் தரப்பட்டது. இருந்தாலும் குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் பெரிய மைதானத்துக்குப் போவதைப் பற்றி அந்த மாலை பலரை யோசிக்க வைத்துவிட்டது.

சித்ரா இந்த இருவருக்கும் பொதுவானவர். இளையராஜாவின் இசையில் ‘சிந்து பைரவி’க்காக முதல் தேசிய விருது, ரஹ்மானின் இசையில் ‘மின்சார கனவு’க்காக இன்னொன்று, மொத்தம் ஆறு. அவரை நேரில் கேட்பதில் இடையில் எந்தத் தடையும் இல்லை. எந்தக் குரல் ஒலித்தட்டில் பாடியதோ அதே குரல், அதே சிரிப்போடு, சில அடி தூரத்தில் நின்று பாடுகிறது. மேல்ஸ்தாயிக்குப் போகும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுவதில்லை. மைக்கை மட்டும் ஒரு விரற்கடை விலக்கிக்கொள்கிறார். வரியின் கடைசி எழுத்து வரை மூச்சு மிச்சம் இருக்கிறது. 1963-இல் பிறந்தவர் என்பதால் கீழ்ச்சுருதியில் கொஞ்சம் கனம் ஏறியிருக்கிறது. அது பாட்டைக் கெடுக்கவில்லை. சில சோகப் பாடல்களுக்கு அழகைத்தான் கூட்டியிருக்கிறது.

குறை பக்கவாத்தியத்தில் இருக்கிறது. பெரும்பாலான அரங்குகளில் அவரோடு வருவது சிறிய குழு. முழு வயலின் வரிசையின் வேலையை ஒரே கீபோர்டு செய்கிறது. ராஜாவின் இடையிசைகள் அங்கே கோட்டோவியமாகச் சுருங்கிவிடுகின்றன. மேலும், 2017-இல் பாலு, சித்ரா, சரண் ஆகியோர் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தம் அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவிக்கை போனது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பிணக்கு பின்னர் தணிந்தது. ஆனாலும் ஒரு பாடகியின் கச்சேரிப் பட்டியல் அவர் பாடிய பாடல்களை மட்டும் பொறுத்ததல்ல என்பது அன்றுதான் ரசிகர்களுக்கே தெளிவாயிற்று.

யாரைப் பார்ப்பது என்பதற்கு இணையாக எங்கே பார்ப்பது என்பதும் முக்கியம். என் அனுபவத்தில் அதைவிடவும் முக்கியம். திறந்த மைதானத்தில் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி அமர்ந்தால், ஒலி வந்துசேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். பெரிய திரையில் பாடகரின் உதடு ஒன்று சொல்லும்போது காதில் அதற்கு முந்தைய எழுத்து விழும். இடையிடையே நிறுத்தும் துணை ஒலிபெருக்கிகளைக் கவனமாக ஒத்திசைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்; எல்லாரும் அந்த அக்கறை எடுப்பதில்லை. ஒரு மைதான நிகழ்ச்சியில் நான் வயலின் குழுவை முழுக்க முழுக்கத் திரையில்தான் பார்த்தேன், அதுவும் ஒளிப்பதிவாளருக்குப் பாடகி அலுத்துப்போன தருணங்களில் மட்டும். நேரு உள்விளையாட்டரங்கு போன்ற கூடங்கள் இதைவிட மேல் என்றாலும், விளையாட்டுக்காகக் கட்டப்பட்டவை ஆதலால் எதிரொலி தாளத்தைக் குழப்பும். இசைக்கு ஏற்ற மூடிய அரங்கில் அமைவதுதான் உத்தமம்; இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ஒலித்ததைப் போன்ற வாய்ப்பு நம் ஊர்களில் எளிதாகக் கிடைப்பதில்லை.

ஆகவே என் வரிசை இது. முழு வாத்தியக் குழுவோடு, கூரை போட்ட அரங்கில் இளையராஜா வருகிறார் என்றால் மறுயோசனை வேண்டாம், அதுதான் முதலில். 1943-இல் பிறந்தவர் இன்னும் மேடையேறுகிறார் என்பதும் அதற்கு ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அதுவல்ல, அந்தத் தாள்கள். அவரே மைதானத்தில் வருகிறார், கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பின்வரிசைதான் என்றால், அதே பணத்தில் ஒரு நடுத்தர அரங்கின் முன்வரிசையில் சித்ராவைக் கேட்பதையே தேர்ந்தெடுப்பேன். ரஹ்மான் எனக்கு மூன்றாவது. தொண்ணூறுகளில் பிறந்தவர்களுக்கு அவரே முதலாவதாக இருப்பார். அவர்கள் நண்பர்களோடு போகட்டும், நின்று ஆடும் பகுதிக்கே டிக்கெட் எடுக்கட்டும், உட்கார்ந்து கேட்கும் இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அந்த மேடைக்குப் பொருந்தாது.

ராஜாவின் அரங்குக்கு டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். இருக்கைப் படத்தில் நட்ட நடு முன்வரிசைதான் மிக விலையுயர்ந்ததாக இருக்கும். அங்கிருந்து பாடகர்களின் முகமும் அவர்கள் முன்னால் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும்தான் நன்றாகத் தெரியும். சற்றே பின்னால், சற்றே உயரத்தில், வயலின் வரிசை அமரும் பக்கத்துக்கு எதிரில் இடம் கேளுங்கள். விலையும் குறைவு, பேஸ் கிட்டார்காரரின் விரல்களும் அங்கிருந்து தெரியும்.