தொப்பூர் இறக்கத்தில் ரேடார் குரூஸா, சாதா குரூஸா?

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டினால், ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பிடிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் குரூஸ் கண்ட்ரோலின் அருமை புரியும். 80-இல் வைத்துவிட்டால் வலது மணிக்கட்டுக்கு ஓய்வு. நம் ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் கிடைப்பது சாதா வகை. முன்னால் லாரி வந்தால் அதற்குத் தெரியாது. நாம் பிரேக்கைத் தொட்டதும் விலகிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பைக்குகளில் ரேடார் வகையை 2020-இல் டுகாட்டி நிறுவனத்தின் மல்டிஸ்ட்ராடா வி4-இல் அறிமுகப்படுத்தினார்கள். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து இடைவெளி விடும், தேவைப்பட்டால் தானே பிரேக் போடும். ஆனால் மென்மையாகத்தான். காரில் சீட் பெல்ட் நம்மைப் பிடித்துக்கொள்ளும். பைக்கில் எதிர்பாராமல் பிரேக் விழுந்தால் உடம்பு டேங்க் மீது சரியும், முழங்கை விறைத்து ஹேண்டில்பாரைத் தள்ளும். வளைவில் சாய்ந்திருந்தால் வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். அதனால்தான் பிரேக்கின் பலத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு நிறுத்துவது நம் வேலைதான்.

சமதளத்தில், பெங்களூரு வரை நீண்ட பயணம் என்றால் ரேடார்தான் சுகம். சரி, ஊர்ப் பிரிவில் எதிர்த்திசையில் ஒரு மொபெட் வந்தால்? அங்கே எனக்குச் சாதா வகை மேல். பிரேக் என் கையில்தான் என்று மனசு விழிப்பாக இருக்கும். தருமபுரி தாண்டி சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாயில் இரண்டுமே வேண்டாம். பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்து இறங்கும் இடம் அது. இறக்கம் தொடங்குமுன்பே அணைத்துவிட்டு, முழங்காலால் டேங்கை இறுக்கி, இரண்டு விரலை பிரேக் லீவரில் வைத்துக்கொள்ளுங்கள்.